பெயர் ஓடும்போதே கதை தொடங்கிவிடுகிறது

"பேர் போட்டு முடிஞ்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அரங்கிற்குள் நுழைவது நம்மவர் வழக்கம். சங்கத் திரையிடல்களிலும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் நாற்காலியை இழுத்துப் போடவும், குழந்தைக்கு முறுக்குப் பொட்டலம் பிரிக்கவும்தான் பயன்படுகின்றன. வீட்டில் என்றால் ஒரு பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுகிறோம். மற்றப் படங்களில் போகட்டும். கொலை, துப்பறியும் படங்களில் இப்படிச் செய்தால் நஷ்டம் நமக்குத்தான். இரண்டு படங்களை வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றி. சால் பாஸ் (1920–1996) நியூயார்க்கில் பிறந்தவர், விளம்பரங்களுக்கு வரைந்துகொண்டிருந்தவர். 1955-இல் வந்த 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' போதை ஊசிக்கு அடிமையானவனின் கதை. அதன் டைட்டிலில் அவர் நடிகர் முகம் எதையும் காட்டவில்லை. வெள்ளைக் கோடுகள் வருகின்றன. கடைசியில் முறுக்கிக்கொண்ட ஒரு கை. அவ்வளவுதான். அந்நாளில் பல கொட்டகைகளில் பெயர்கள் மூடிய திரைச்சீலையின் மேலேயே ஓடி முடியுமாம். இந்தப் படத்துக்கு மட்டும் சீலையை முன்னதாகவே விலக்கும்படி ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள்.

அதே பாஸ், ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கு (1960) டைட்டில் அமைத்தார். கறுப்பின் மேல் சாம்பல் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. பெயர்கள் வெட்டுப்பட்ட துண்டுகளாக வந்து, ஒரு கணம் சேர்ந்து நின்று, மறுபடி சிதறுகின்றன. பெர்னார்ட் ஹெர்மனின் இசையில் தந்தி வாத்தியங்கள் மட்டுமே. மூச்சு விட இடமில்லை.

பிறகு படம் எப்படித் தொடங்குகிறது? ஃபீனிக்ஸ் நகரம், வெள்ளிக்கிழமை பிற்பகல். வங்கியில் கட்டச் சொல்லி முதலாளி கொடுத்த 40,000 டாலரோடு மேரியன் காரில் ஓடிப்போகிறாள். ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு இது ஒரு திருட்டுக் கதை. பிணமில்லை, கத்தியில்லை. மேரியன் காரோட்டும்போது டைட்டிலில் கேட்ட அதே இசை திரும்ப வருகிறது. டைட்டிலைப் பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கும். தாண்டியவருக்கு அது வெறும் பின்னணி இசை. இது கொலைப் படம் என்று நமக்குச் சொல்லி வைத்தது அந்தப் பட்டைகள்தான். அப்படி வெட்டுப்பட்டுக் கிடப்பது யாருடைய மனம் என்பதைப் படம் பார்க்காதவர்களை உத்தேசித்துச் சொல்லாமல் விடுகிறேன்.

இரண்டாவது, டேவிட் ஃபிஞ்ச்சரின் 'செவன்' (1995). டைட்டில் கைல் கூப்பருடையது. முகம் தெரியாத ஒருவனின் கைகள். ப்ளேடால் விரல்நுனித் தோலைச் சீவுகின்றன. நோட்டுப் புத்தகத்தில் நெருக்கமாக எழுதுகின்றன, ஊசி நூலால் தைக்கின்றன. ஃபிலிமின் மேலேயே கையால் கீறிய எழுத்துகள் நடுங்குகின்றன. கொலைகாரனின் கைரேகை போலீசுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த ப்ளேடிலேயே இருக்கிறது. ஆள் நேரில் வருவதோ படம் பெரும்பாலும் முடிந்த பிறகு. அந்த வேடத்தில் நடித்த கெவின் ஸ்பேசியின் பெயரைக்கூடத் தொடக்கத்தில் போடவில்லை. பெயரை மறைத்துவிட்டுக் குணத்தைக் காட்டுகிறார்கள்! என்னை அச்சுறுத்தியது ப்ளேடு அல்ல. அந்தத் தையலில் இருக்கும் பொறுமை.

இதற்குப் பிறகு எழுத்தை நடுங்க விட்டாலே திகில் வந்துவிடும் என்று பலர் எண்ணிவிட்டார்கள். யாருடைய கை, ஏன் நடுங்குகிறது என்பதற்குக் கதையில் பதில் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

மேற்சொன்ன படங்கள் சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல. வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்க ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) இருக்கிறது. டைட்டில் முடிந்ததும் படத்தை நிறுத்திவிடுங்கள். பச்சை நிறத்தில் ஓடும் சாய்ந்த கோடுகள் என்னவாக மாறின? எப்படிப்பட்ட ஊர்? கதாநாயகன் நிதானமானவனா, அவசரக்காரனா? சிரிப்பும் உண்டா? ஆளுக்கொரு தாளில் எழுதி மடித்து வைக்கச் சொல்லி, படம் முடிந்ததும் பிரித்துப் பாருங்கள். சிரிப்பைப் பற்றி மட்டும் ஒரு துப்புக் கொடுக்கலாம்: கடைசியில் பஸ் கதவு முகத்தெதிரே மூடிக்கொள்ள, திகைத்து நிற்கும் பருத்த மனிதர்தான் படத்தின் இயக்குநர்.