மலைக்காட்டுப் பாதைகளும் மிதிவண்டியும்

மலைநாட்டில் பாதையே முதற் பொதுச் சொத்து. தீவனப் புல்லும் விறகும் சுமந்து வரும் பெண்கள், பள்ளி செல்லும் சிறுவர், கோடையில் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கும் குளிர்காலத்தில் அடிவாரத்திற்கும் மந்தைகளை ஓட்டிச் செல்லும் ஆயர்கள், வனக்காவலர் ஆகிய அனைவரும் ஓரடிப் பாதைகளையே நம்பியுள்ளனர். இப்பாதைகளுக்கு அண்மைக் காலத்தில் புதியதொரு பயனாளி வந்து சேர்ந்துள்ளார். அவரே மலை மிதிவண்டி ஓட்டுநர். அவரது வருகையால் மலைக் கிராமங்களுக்கு விளையக்கூடிய நன்மை யாது, தீமை யாது, பாதைகளை எவ்வாறு திட்டமிட்டால் நன்மை மிகும் என்பனவற்றை மேற்கு இமயமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

விளையாட்டின் தோற்றமும் பரவலும்

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த மரின் வட்டாரத்தில், தடித்த சக்கரங்களைக் கொண்ட பழைய மிதிவண்டிகளில் இளைஞர்கள் மலைச் சரிவுகளில் இறங்கத் தொடங்கினர். அங்கு 1976இல் முறையான போட்டி தொடங்கியது. 1990இல் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. நமது நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் மலைகளில் பல நாள் நீடிக்கும் போட்டி 2005இல் தொடங்கப்பட்டது. உலகக் கோப்பைத் தொடரின் ஒரு போட்டி 2022இல் லே நகரில் நடைபெற்றது. 2025இல் உத்தராகண்டில் நடைபெற்ற தேசிய விளையாட்டுகளில் மலை மிதிவண்டிப் போட்டிகள் நைனிதால் மாவட்டத்தின் சாத்தால் பகுதியில் நிகழ்ந்தன.

பழைய பாதைகள் ஒரு மூலதனம்

இவ்விளையாட்டுக்கெனக் காட்டை வெட்டிப் புதிய தடம் அமைப்பது இன்றியமையாததன்று. மேற்கு இமயமலையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செல்வதற்கென அமைந்த பாதைகள் பல உள்ளன. 1850இல் பணி தொடங்கப்பெற்ற இந்துஸ்தான்–திபெத் சாலையும் தொடக்கத்தில் அத்தகைய பாதையே ஆகும். சுமை விலங்குகள் களைப்படையாமல் ஏற வேண்டும் என்பதால் இத்தகைய பாதைகள் மலையைச் சுற்றி மெல்ல ஏறுமாறு அமைக்கப்பட்டன. மிதிவண்டிக்கும் அத்தகைய ஏற்றமே உகந்தது.

2000இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் வழியாக மோட்டார்ச் சாலைகள் சிற்றூர்களை எட்டின. இது பெரும் நன்மையே. ஆயினும் சாலை வந்த இடங்களில் பழைய பாதையைச் செப்பனிடும் பழக்கம் தளர்வது இயல்பு. சரிந்த கற்சுவரை எடுத்துக் கட்டுவோர் இல்லையெனில் சில மழைக்காலங்களிலேயே பாதை அழிந்துபோகும். 2023ஆம் ஆண்டின் பெருமழையில் இமாசலப் பிரதேசத்தின் சாலைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அத்தகைய வேளையில் கிராமத்திற்கு எஞ்சுவது காட்டுப் பாதையே. ஆகவே மிதிவண்டிச் சுற்றுலாவின் பெயரால் பாதை பேணப்படுமாயின், அதன் பயன் சுற்றுலாவோடு நின்றுவிடாது.

நீரே முதற் பகைவன்

பாதையை அழிப்பது சக்கரமா, காலடியா, குளம்பா என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வொன்று, மிதிவண்டியைக் காட்டிலும் குதிரைக் குளம்புகளே மண்ணை மிகுதியாகப் பெயர்க்கின்றன எனக் கண்டது. எனினும், செங்குத்தான இறக்கத்தில் தடையை இறுக்கிச் சக்கரத்தைச் சறுக்கவிடுபவர் பாதையின் நடுவே வாய்க்கால் தோண்டியவராகிறார். அவ்வாய்க்காலில் மழைநீர் புகுந்தால் எஞ்சிய அழிவை நீரே செய்து முடிக்கும். எனவே, யார் செல்கின்றனர் என்பதைவிட, பாதையில் நீர் எவ்வாறு செல்கிறது என்பதே அடிப்படை வினா.

இதற்கெனப் பல நாடுகளில் பின்பற்றப்படும் விதிகள் எளியவை. முதலாவது, பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டலாகாது. மலைச்சரிவு நூற்றுக்குப் பதினாறு எனில், பாதையின் ஏற்றம் நூற்றுக்கு எட்டுக்குள் இருத்தல் வேண்டும். மீறினால் நீர் பாதையைக் குறுக்கே கடவாமல் பாதை வழியே ஓடும். இரண்டாவது, பாதை முழுவதற்குமான சராசரி ஏற்றம் நூற்றுக்குப் பத்துக்குள் அமைய வேண்டும். மூன்றாவது, பாதையின் தளம் பள்ளத்தாக்குப் பக்கமாக நூற்றுக்கு ஐந்து அளவில் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நான்காவது, நீண்ட இறக்கத்தில் இடையிடையே சிறு மேடு அமைத்து, தேங்கும் நீரை வெளியே திருப்ப வேண்டும்.

ஒரு கணக்கு இதனை விளக்கும். நூற்றுக்கு முப்பது சாய்வுள்ள மலைச்சரிவில் 150 மீட்டர் உயரம் ஏற வேண்டியுள்ளது எனக் கொள்வோம். நேராக ஏறினால் கிடைத்தளத் தொலைவு 500 மீட்டர் மட்டுமே. நூற்றுக்கு ஏழரை வீதம் சுற்றி ஏறினால் 2,000 மீட்டர் ஆகும். முன்னது அமைக்கும்போது மலிவானது. ஆனால் மழைதோறும் செலவு வைப்பது. பின்னது தொடக்கத்தில் நான்கு மடங்கு நீளமுடையது. ஆயினும் நிலைத்து நிற்பது. ஆண்டு இறுதிக்குள் நிதியைச் செலவிட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் முன்னதைத் தேர்ந்தெடுக்கும் போக்கு தவிர்க்கப்பட வேண்டும்.

சட்டமும் உரிமையும்

மலைக்காட்டில் எந்தப் பணியும் சட்டத்திற்கு உட்பட்டதே. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் வெளியார் நுழைவதற்கு அனுமதி பெறுதல் வேண்டும். காட்டு நிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்றுவதை 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. 2023இல் அது திருத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைச் சார்ந்து வாழ்வோரின் சமூக உரிமைகளை ஏற்று, கிராம சபைக்கு முதன்மை அளித்துள்ளது. உத்தராகண்டிலோ 1931ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வளர்ந்த வன பஞ்சாயத்துகள் பதினோராயிரத்துக்கும் மேல் உள்ளன. பாதையைப் பேணுவதற்கு ஏற்ற அமைப்பு அங்கு ஏற்கெனவே உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டத்தில் எழுதப்படாத சில நியாயங்களும் உண்டு. தலையில் புற்கட்டுடன் குறுகிய வளைவில் ஏறி வரும் பெண்ணால் விரைந்து விலக இயலாது. விலக வேண்டியவர் இறங்கி வரும் மிதிவண்டி ஓட்டுநரே. மந்தை கடக்கும் நாட்களில் பாதை மந்தைக்கே உரியது. ஓசையின்றி விரைந்து வரும் வண்டி கரடியைத் திடுக்கிடச் செய்தால் தீங்கு இரு தரப்புக்கும் நேரும். மோனால் போன்ற பறவைகள் முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தில் சில பாதைகளை மூடி வைத்தல் நன்று. மழைக்காலத்தில் ஈரமண் பாதைகள் எவருடைய விளையாட்டுக்கும் திறக்கப்படலாகாது.

வருவாயும் பொறுப்பும்

மிதிவண்டிப் பயணி ஒருநாளில் கடக்கும் தொலைவு மோட்டார் வண்டியில் செல்பவரை விடக் குறைவு. ஆதலால் அவர் சிற்றூர்களிலேயே உண்டு உறங்க வேண்டியவராகிறார். வீட்டு விருந்தகம், உணவு, வழிகாட்டுதல், பழுது பார்த்தல் ஆகிய தொழில்கள் வேலை தேடி நகரம் செல்லும் இளைஞர் சிலருக்கேனும் ஊரிலேயே பிழைப்பளிக்கும். ஆனால் வருவாய் முழுவதும் நகரத்துப் பயண நிறுவனங்களுக்கும், பாதையைச் செப்பனிடும் சுமை மட்டும் கிராமத்திற்கும் என்றால் அத்திட்டம் நெடுநாள் நிலைக்காது. ஒவ்வொரு பயணியிடமும் பெறும் கட்டணத்தில் ஒரு பங்கு பாதைப் பராமரிப்புக்கென வன பஞ்சாயத்தின் அல்லது கிராம சபையின் கணக்கில் சேர வேண்டும். உத்தராகண்டில் காட்டுத்தீப் பருவமாகக் கருதப்படும் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான காலத்தில் பாதைகளில் உதிர்ந்த பைன் ஊசி இலைகளை அகற்றும் பணிக்கும் இந்நிதி உதவும். துப்புரவாக வைக்கப்பட்ட பாதை, தரையோடு பரவும் தீயைத் தடுக்கும் கோடாகவும் பயன்படும்.

திட்டமிடும் முறை

இப்பணியில் ஈடுபடும் அதிகாரிகள் கடைப்பிடிக்கத்தக்க வரிசை இது: முதலில் பழைய பாதைகள் அனைத்தையும் நடந்தே அளந்து வரைபடத்தில் குறித்தல், அடுத்து, அவற்றை யார், எப்பருவத்தில் பயன்படுத்துகின்றனர் என்பதைப் பெண்களிடமும் ஆயரிடமும் கேட்டறிதல், பின்னர், விளையாட்டுக்கு ஏற்றவை, ஏற்காதவை, பருவத்திற்கேற்ப மூட வேண்டியவை எனப் பிரித்தல், அதன்பின் கிராம சபையின் இசைவும் சட்டப்படியான அனுமதியும் பெறுதல், இறுதியாகவே கல்லும் மண்வெட்டியும். இவ்வரிசை தலைகீழாகும்போதுதான் காடும் கெடுகிறது, ஊராரின் நம்பிக்கையும் கெடுகிறது.

பயணி சில நாட்களில் ஊர் திரும்பிவிடுவார். பாதையோ ஊராருக்கு நாள்தோறும் தேவைப்படுவது. அவர் வந்து சென்ற பின்னும் புற்கட்டுச் சுமந்து வரும் பெண்ணின் கால் வழுக்காமல் பாதை நிற்குமானால், அதுவே இத்திட்டத்தின் வெற்றிக்கு அளவுகோல் ஆகும்.