மூட்டைக்கு வைக்கும் மாத்திரை

ரேஷன் கடையில் கோதுமை வாங்குகிறோம். அது எங்கே விளைந்தது? பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா, மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் விளைந்திருக்கும். அங்கே ஏப்ரல் மாதம் அறுவடை. நம் கைக்கு வரப் பல மாதம் ஆகும். அதுவரை கோதுமை கிடங்கில் இருக்கிறது.

கிடங்கில் பூச்சி சும்மா இருக்குமா? கூன் வண்டு தானியத்தைத் துளைக்கும். உள்ளே முட்டை இடும். வெளியே பார்த்தால் நல்ல மணி. உள்ளே புழு! மேலே மருந்து தெளித்தால் இந்தப் புழு சாகாது. உள்ளே நுழையும் மருந்து வேண்டும்.

அதற்குத்தான் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. ஒரு மாத்திரை 3 கிராம் எடை. காற்றில் உள்ள ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷ வாயு வரும். ஒரு மாத்திரைக்கு 1 கிராம் வாயு. அது மூட்டைக்குள் போகும். மணிக்குள்ளும் போகும்.

இந்த வாயு எப்படிக் கொல்கிறது? அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகு வேண்டும். காற்றும் வேண்டும். நம் உடம்பு கோடி கோடி செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு அறை. ஒவ்வொரு அறையிலும் சின்னச் சின்ன அடுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோறுதான் விறகு. மூச்சில் இழுக்கும் பிராண வாயுதான் காற்று. இந்த அடுப்பு எரிவதால்தான் நமக்குச் சக்தி. பாஸ்பீன் இந்த அடுப்பைக் கெடுக்கிறது. மூச்சு வரும், பிராண வாயுவும் உள்ளே போகும். ஆனால் செல் அதைப் பயன்படுத்த முடியாது. சக்தி நின்றுவிடும். பூச்சி செத்துவிடும்.

பூச்சிக்கும் நமக்கும் அடுப்பு ஒரே மாதிரிதான். ஆகவே நம்மையும் அது விடாது. முதலில் அடி வாங்குவது இதயம். இந்த விஷத்துக்கு முறிமருந்து இல்லை.

கிடங்கில் எப்படிச் செய்கிறார்கள்? மூட்டைகளை அட்டி போட்டிருப்பார்கள். அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவார்கள். ஓரங்களில் மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்து அழுத்துவார்கள். ஒரு வாரம் போல யாரும் கிட்டே போகக் கூடாது. பிறகு திறந்து நன்றாகக் காற்றாட விடுவார்கள். வாயு போய்விடும். தானியத்தைச் சாப்பிடலாம். விரிப்பு கிழிந்திருந்தால் வாயு கசியும். பாதிப் பூச்சி பிழைக்கும். இப்படிப் பிழைத்துப் பிழைத்துச் சில பூச்சிகள் இந்த விஷத்தையே தாங்கப் பழகிவிட்டன. அரைகுறை வேலையின் பலன்!

சட்டப்படி அரசுக் கிடங்குகளும் பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளர்களும்தான் இதைப் பயன்படுத்தலாம். 10, 20 மாத்திரை அடங்கிய சிறு குழாய்களை 2001இல் மத்திய அரசு தடை செய்தது. ஆனாலும் சில சந்தைகளில் உதிரியாக விற்கிறார்கள். எலிக்கு, மூட்டைப்பூச்சிக்கு என்று வாங்கி வந்து வீட்டு அறையில் வைக்கிறார்கள். இந்த வாயு சுவர் விரிசல் வழியே பக்கத்து அறைக்குப் போகும். அங்கே தூங்கும் குழந்தைக்கு என்ன தெரியும்? மாத்திரை என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. விஷக்கட்டி என்று சொன்னால் மக்கள் பயந்து ஒதுங்குவார்கள்.

வீட்டில் பூண்டு நாற்றம், அழுகிய மீன் நாற்றம் வந்தால் உடனே எல்லோரையும் வெளியேற்றுங்கள். நாற்றம் இல்லாமலும் வாயு இருக்கலாம். யாருக்காவது வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மருந்து வைத்தார்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாயு வேகமாகக் கிளம்பும். தீயும் பிடிக்கலாம்.

அப்படியானால் வீட்டுத் தானியத்தை எப்படிக் காப்பது? நன்றாக வெயிலில் காய வையுங்கள். பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். ஆற விட்டுத் தகர டிரம்மில் விளிம்பு வரை நிரப்புங்கள். காற்றுப் புகாமல் இறுக மூடுங்கள். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றைப் பூச்சிகளே தீர்த்துவிடும். அவற்றின் அடுப்பு தானே அணைந்துபோகும். தினமும் திறந்தால் இது நடக்காது. பத்து நாள் தேவைக்கு வேறு டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.