தட்டில் தெரியும் நிறம்

டைபாய்டுக் கிருமியும், நம் குடலில் வாழும் ஈ.கோலையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே சிறு குச்சிகளாகத் தெரியும். பின் எப்படிப் பிரித்தறிவது? உணவு கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான்!

ரம்ஜான் மாதத்தில் எங்கள் ஆம்பூர் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசியை அறிவோமல்லவா? ஆய்வகத்தில் அதன் பெயர் அகர். கிருமி வளர்க்க அது ஏற்றது என்று 1881இல் எடுத்துச் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி என்பதில் எங்களுக்குப் பெருமை.

மக்கான்கி என்னும் வளர்ப்பு ஊடகத்தில் அகருடன் பால் சர்க்கரையும் உண்டு. ஈ.கோலை அதை நொதிக்கச் செய்து அமிலமாக்குவதால் இளஞ்சிவப்பாக வளரும். டைபாய்டுக் கிருமி அச்சர்க்கரையைத் தொடாது, நிறமின்றி இருக்கும்.

காலராவுக்கு டி.சி.பி.எஸ். என்னும் பச்சை ஊடகம். அதிலுள்ள பித்த உப்பு வேறு பல கிருமிகளை வளரவிடாது. காலராக் கிருமியோ, நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரையை அமிலமாக்கி மஞ்சளாக வளரும்.

1992 இறுதியில் சென்னை, வேலூர், மதுரை ஊர்களில் வாந்திபேதி பரவியது. தட்டு மஞ்சளாயிற்று. ஆனால் காலராவை உறுதி செய்யும் ஓ1 சீரத்தைச் சேர்த்தபோது கிருமிகள் திரளவில்லை! அதுவரை கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 வகை என்றே கருதப்பட்டது. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் பழைய காலரா என்றிருப்பார்கள். சீரத்தை மட்டும் பார்த்திருந்தால் காலராவே இல்லை என்றிருப்பார்கள். இரண்டையும் பார்த்ததால் புதுவகை வெளிப்பட்டது. 1993இல் அதற்கு ஓ139 எனப் பெயரிட்டனர். பழைய காலராவுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது விட்டு வைக்கவில்லை.