தொலைந்ததெல்லாம் நெரிசலால் அல்ல

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் வரும் ஃபெர்ரியில் நின்றபடி ஒரு காணொளியை அனுப்பிப் பாருங்கள். கரையில் சட்டென்று ஓடிய பதிவேற்ற வட்டம் கடல் நடுவே தத்தளிக்கும். சிக்னல் திரும்பிய பிறகும் பழைய வேகம் உடனே வருவதில்லை. "லைன் சரியில்லை" என்று பழியை அலையின்மேல் போடுகிறோம். அதில் நியாயம் உண்டு. ஆனால் முழு நியாயம் அல்ல. தரவை அனுப்பும் விதி, இழப்பை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 1: போனில் சிக்னல் கோடுகள் நிறைய இருந்தால் வேகமும் இருக்கும்.

உண்மை: கோபுரத்தின் சிக்னல் எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதை மட்டுமே கோடுகள் காட்டும். அதே கோபுரத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்று சொல்லாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் கோடுகள் முழுதாக இருந்தும் ஒரு படம்கூட நகராமல் போகலாம். அது உண்மையான நெரிசல். அங்கே ஒவ்வொரு போனும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் நல்லது.

நம்பிக்கை 2: தரவு தொலைந்தால் வழியில் நெரிசல் என்றுதான் பொருள்.

உண்மை: இணையத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றான டி.சி.பி.யே பல்லாண்டுகள் இப்படித்தான் நம்பியது. கோப்பு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகும். வந்து சேர்ந்ததற்குப் பெறுபவர் பக்கமிருந்து ஒப்புகை திரும்பும்; அது வராவிட்டால் அனுப்பும் கணினி மறுபடி அனுப்பும். 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், வினாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியது. வழி நிரம்பிய பிறகும் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பியதால் வந்த வினை அது. 1988இல் ஆய்வாளர் வேன் ஜேக்கப்சன் மருந்து எழுதினார்: பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று கொள், வேகத்தைச் சட்டென்று குறை, பிறகு மெல்ல ஏற்று. கம்பியில் சேதத்தால் தொலைவது நூற்றில் ஒன்றுக்கும் மிகக் கீழே என்பதால் அந்த ஊகம் பொருந்தியது.

காற்றில் அது பொருந்துவதில்லை. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடு நீளமானது, சுவர் தடித்தது. முன்னறை ரௌட்டரின் அலை பின்கட்டுக்குத் தேய்ந்துதான் சேரும். கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் அலையோ நேராக வரும் அலையோடு கலந்து அதை மங்கச் செய்யும். வழி காலியாக இருக்கும்போதே பொட்டலம் சிதைகிறது, டி.சி.பி. அதையும் நெரிசல் என்று எண்ணி ஒடுங்குகிறது. பழைய விதிப்படி, இழப்பு நான்கு மடங்கானால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கூட்டத்தில் ஒதுங்கி நிற்பது பண்பு. ஆளில்லாத தெருவிலும் ஒதுங்கச் சொல்வது அநியாயம்.

நம்பிக்கை 3: வேகத்தைக் குறைக்கும் விதியை எடுத்துவிட்டால் பிரச்சினை தீரும்.

உண்மை: எடுத்தால் 1986 திரும்பி வரும். இழப்பின் காரணத்தைப் பிரித்தறிவதுதான் வழி. சென்னை ஐ.ஐ.டி.யில் 1993இல் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன், பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது, உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1995இல் 'ஸ்னூப்' என்ற முறையை முன்வைத்தார். கம்பி முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் உள்ள தள நிலையம், கடந்து போகும் பொட்டலங்களுக்குப் படி எடுத்து வைக்கும். பெறும் கருவி ஒரே ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், இடையில் ஒன்று வரவில்லை என்று பொருள். தள நிலையம் அந்தச் சேதியைத் தொலைவில் உள்ள அனுப்புநர்வரை விடாமல், தன்னிடமுள்ள படியைத் தானே அனுப்பிவிடும். பிழை மிகுந்த இணைப்பில் வேகம் 20 மடங்குவரை கூடியது.

நம்பிக்கை 4: ஒரு பொட்டலமும் தொலையாத வலையே சிறந்த வலை.

உண்மை: தொலைக்காமல் இருக்கவென்று பொட்டலங்களை நீண்ட வரிசையில் தேக்கி வைத்தால், எல்லாம் வந்து சேரும், தாமதமாகத்தான் சேரும். 2016இல் கூகுள் வெளியிட்ட பி.பி.ஆர். முறை, இழப்பை மட்டும் நம்பாமல், பாதையின் கொள்ளளவையும் போய்வரும் நேரத்தையும் அளந்து வேகத்தை முடிவுசெய்கிறது. அதை உருவாக்கியவர்களில் வேன் ஜேக்கப்சனும் ஒருவர். தன் விதியைத் தானே திருத்த முன்வந்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

நம்பிக்கை 5: வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் தொடர்பு அறுந்துதான் ஆகும்.

உண்மை: டி.சி.பி. தொடர்பு இணைய முகவரியோடு பிணைந்தது. முகவரி மாறினால் அறும். 2021 மே மாதம் தரப்படுத்தப்பட்ட குவிக் என்ற புதிய விதி, தொடர்புக்கென்று தனி அடையாள எண் வைத்திருக்கிறது. முகவரி மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர இது வழிசெய்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. குவிக்கில் ஒப்புகைகளும் மறையாக்கத்துக்குள் போய்விடுவதால், ஸ்னூப் போல நடுவில் நின்று பார்த்து உதவ முடியாது. சிதைந்ததை அந்த இடத்திலேயே மறுபடி அனுப்பும் வேலையை வைஃபையும் 4ஜியும் தம் அளவில் செய்கின்றன. வேகத்தை அறிவோடு தீர்மானிக்கும் பொறுப்பு இரு முனைகளிடம் இருக்கிறது.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். முன்வாசலில் இருக்கும் ரௌட்டரைக் கடைவீட்டின் நடுமுற்றத்துக்கு அருகே நகர்த்துங்கள். பின்கட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குச் சில சுவர்கள் குறையும். காலியான வழியில் அவளுடைய பாடம் தயங்கி நிற்க வேண்டியிருக்காது.