பெரிய ஆர்டர் என்றால் பாதி விலையா?

"அண்ணாச்சி, ஒண்ணு ரெண்டு இல்ல, இருநூத்திச் சொச்சம் போர்டு தாரோம். ரேட்டைப் பாதியாப் போடுங்க."

ராயகிரியில் தொடங்கி சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் வரை எந்தப் பெயர்ப்பலகைக் கடையில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும். கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர் சொல்வார், பள்ளிக்கூடத் தாளாளர் சொல்வார், மில் ஸ்டோர்காரர் சொல்வார். வாங்குகிறவர் குறைத்துக் கேட்பது உலக வழக்கம். அதில் எனக்குக் கோபமில்லை. கடைக்காரரே தலையை ஆட்டி, "ஆமா, மொத்தமா வந்தா குறைச்சுத்தானே போடணும்" என்று ஒத்து ஊதுகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். பெரிய ஆர்டர் எடுத்த மாதத்தில்தான் பல கடைக்காரர்கள் கைமாற்று வாங்க அலைகிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ராஜபாளையம் தாண்டினால் சிவகாசி. நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பில் புக் அடிக்காத குடும்பம் இல்லை. ஐந்நூறு பத்திரிகை அடித்தால் ஒன்றுக்கு ஒரு விலை, ஆயிரம் அடித்தால் விலை சடாரென்று இறங்கும். அது நியாயமான விலை. ஆப்செட்டில் தகடு தயாரிப்பது, மையைச் சரிக்கட்டுவது, முதல் சில தாள்களைக் கழிப்பது எல்லாமே ஒரு தடவைச் செலவு. பிறகு தாள் ஓடுகிறது, அவ்வளவுதான். ஆயிரம் தாளிலும் ஒரே மாப்பிள்ளை, ஒரே பெண், ஒரே முகூர்த்தம்.

பெயர் வெட்டும் வேலையில் ஒவ்வொரு பலகையிலும் பெயர் வேறு. தலைமையாசிரியர் அறை, வேதியியல் ஆய்வகம், பெண்கள் ஓய்வறை, நூலகம் என்று இருநூறு பலகையும் இருநூறு விதம். லேசரோ சி.என்.சி.யோ, வெட்டுமுனை ஒவ்வொரு எழுத்தின் மேலும் போய்த்தான் ஆக வேண்டும். நூறு பேருக்கு முடி வெட்டுகிறவர் நூறாவது தலையைப் பாதி நேரத்தில் முடித்துவிடுவாரா?

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு கல்லூரிக்கு 225 அக்ரிலிக் பலகை. அளவு முடிவு செய்து, மாதிரி ஒன்று வெட்டி, மெஷினின் வேகத்தையும் பவரையும் சரிசெய்வதற்கு 100 நிமிடம் என்று வையுங்கள். இது ஒரு தடவைச் செலவு. அதன் பிறகு பலகை ஒன்றுக்கு, பெயரை டைப் செய்து கோரல் டிராவில் உட்கார வைக்க 4 நிமிடம், வெட்ட 14, எழுத்துக்குள் பெயிண்ட் நிரப்பித் துடைக்க 5, சுற்றிக் கட்ட 2. மொத்தம் 25. ஒரே ஒரு பலகை என்றால் 125 நிமிடம் ஆகிறது. பத்துப் பலகை என்றால் தலைக்கு 35. ஐம்பது என்றால் 27. 225 என்றால் ஏறக்குறைய இருபத்தைந்தரை. ஆயிரம் கொடுத்தாலும் 25க்குக் கீழே ஒரு நொடி இறங்காது. குறைய வேண்டியதெல்லாம் ஐம்பதாவது பலகைக்குள்ளேயே குறைந்து முடிந்துவிட்டது. இதில் பாதி விலைக்கு இடம் எங்கே?

மெஷின் வெட்டும்போதே பெயிண்ட் நிரப்பலாமே என்று கேட்பார்கள். நிரப்பலாம், இன்னொரு ஆள் இருந்தால். அவர் சம்பளத்தை யார் கொடுப்பது?

கையால் வெட்டினாலும் இதே கதைதான். சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், 1976இல் திறந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிவரும்போது சலவைக்கல் பலகைகளில் அதே 1330. குறளுக்கு ஏழு சீர் என்று பார்த்தால் 9310 சீர். முதல் குறளுக்குப் பிடித்த உளி கடைசிக் குறள் வரைக்கும் அதே அழுத்தத்தில்தான் இறங்கியிருக்க முடியும். எண்ணிக்கை கூடக்கூட உளி லேசாகாது, கைதான் சோர்ந்துபோகும்.

இதைவிட மோசமான பகுதி லாபக் கணக்கு. பலகை 400 ரூபாய் என்று வையுங்கள். சரக்கு, கூலி, மின்சாரம், தேய்மானம் எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போவது 280. நிற்பது 120. "பெரிய ஆர்டராச்சே" என்று இருபது சதவீதம் குறைக்கிறீர்கள். கேட்க எளிதாக இருக்கிறது. விலை 320 ஆகிறது, நிற்பது 40. 225 பலகைக்கு 9000 ரூபாய். பழைய விலையில் வெறும் 75 பலகை செய்திருந்தால் இதே 9000 வந்திருக்கும். மீதி 150 பலகையை நீங்கள் கல்லூரிக்குத் தானமாக வெட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். உபயம் என்று உங்கள் பெயரையும் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளலாம். பாதி விலைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் பலகைக்கு 80 வீதம் 18,000 ரூபாய் கைநட்டம்.

இன்னொன்றையும் யாரும் எழுதிவைப்பதில்லை. ஒரே ஆளாகச் செய்தால் மேலே சொன்ன 225 பலகை பன்னிரண்டு வேலை நாளைத் தின்றுவிடும். அந்த நாட்களில் வாசலுக்கு வந்த வீட்டுப் பெயர்ப்பலகை, வக்கீல் பலகை, கல்யாண அன்பளிப்புக்குப் பெயர் போடும் வேலை எல்லாவற்றையும் "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அவர்கள் முழு விலை கொடுத்திருப்பார்கள்.

அப்படியானால் பெரிய ஆர்டரில் மிச்சமே இல்லையா? இருக்கிறது. அது ஷீட்டில் இருக்கிறது. அக்ரிலிக் ஷீட் எட்டுக்கு நான்கு அடி. பலகை 12க்கு 8 அங்குலம் என்றால் காகிதத்தில் ஒரு ஷீட்டுக்கு 48 வரும். வெட்டும் கோடு தின்னும் இடத்தையும் ஓரத்துச் சேதத்தையும் கழித்தால் நீளத்தில் எட்டுக்குப் பதில் ஏழு, அகலத்தில் ஆறுக்குப் பதில் ஐந்து. ஆக 35தான். 225 பலகைக்கு ஏழு ஷீட். அதே பலகையைக் கால் அங்குலம் குறைத்து பதினொன்றே முக்காலுக்கு ஏழே முக்கால் என்று வைத்தால் 48ம் முழுசாக வரும். ஐந்து ஷீட் போதும், பதினைந்து பலகை உபரியாகக் கையில் நிற்கும். கதவில் மாட்டிய பிறகு அந்தக் கால் அங்குலம் எந்தத் தாளாளர் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. தள்ளுபடி கொடுத்தே தீர வேண்டுமென்றால் மிச்சமான இரண்டு ஷீட்டின் விலையிலிருந்து கொடுங்கள். உங்கள் கூலியிலிருந்து கொடுக்காதீர்கள்.

மற்றவை சில்லறை நம்பிக்கைகள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டால் போதும் என்பது ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து தொற்றிய பழக்கம். தனித்தனி எழுத்தாக வெட்டி ஒட்டும் வேலையில் "ராயகிரி" நான்கெழுத்து, ஐந்து துண்டு. "சங்கரன்கோவில்" எட்டெழுத்து, ஆனால் பதின்மூன்று துண்டு. மூன்று புள்ளியும் தனித்தனித் துண்டு, கோ மட்டுமே மூன்று. எழுத்துக்கணக்கே இங்கே ஏமாற்றும் என்றால் சதுர அடி எந்த மூலைக்கு? துண்டை எண்ணுங்கள்.

அக்ரிலிக்குக்குப் பதில் பி.வி.சி. ஷீட்டில் லேசர் போட்டால் செலவு குறையும் என்று யாராவது யோசனை சொன்னால் அவரைக் கடையை விட்டு அனுப்புங்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மெஷினின் இரும்பை அரிக்கும், உங்கள் நுரையீரலையும் விடாது.

ஜி.எஸ்.டி. நமக்கெதற்கு, நாற்பது லட்சத்துக்குள் இருக்கிறோம் என்பது பாதி உண்மை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் அந்த வரம்பு சரி. செங்கோட்டை தாண்டிப் புனலூருக்கோ கொல்லத்துக்கோ பலகை போனால் அது வேற்று மாநில விற்பனை. முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் அந்த ஆர்டரை எடுக்கவே முடியாது. கேரள ஆர்டருக்கு விலை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

பெரிய இடத்துப் பில் ஆறு மாதம் கழித்துத்தான் வரும், ஒன்றும் செய்ய முடியாது என்பது சோம்பேறிகளின் நம்பிக்கை. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கு உத்யம் பதிவு வேண்டும், காசு கிடையாது. ஆர்டர் எடுக்கும் முன்பே பதிந்து, அந்த எண்ணைக் கொட்டேஷனிலும் பில்லிலும் அச்சடியுங்கள். அட்வான்ஸ் கேட்டால் ஆள் ஓடிவிடுவார் என்பதற்கு ஒரே பதில்தான்: சரக்குக்குக்கூட முன்பணம் தராதவர் முழுப்பணம் மட்டும் எப்படித் தருவார்?

இனி நான் எல்லாக் கடையிலும் சொல்லித் திட்டு வாங்கும் விஷயம். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழுள்ள விதிகள் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும் என்கின்றன. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம் பலகைக் கடைக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். விகிதம் சரியாக இருக்கும், எழுத்து தப்பாக இருக்கும். "ஆய்வகம்" ஆயவகம் ஆகும், "அலுவலர்" அளுவலர் ஆவார். பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் கைப்பிரதிப் புகைப்படமாக வருகிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பையன் பாமினி எழுத்துருவில் தட்டுகிறான். காலையில் மெஷின் அதை அப்படியே வெட்டுகிறது. கல்லானால் அந்தப் பிழைக்கு ஆயுள் நூறு வருஷம். பட்டியலை யூனிகோடில் டைப் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று வாங்குகிறவரிடம் கறாராகச் சொல்லுங்கள். தமிழக அரசே 2010இல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது, கல்லூரி அலுவலகத்துக்கு இதில் என்ன கஷ்டம்?

பிறகு உங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவரிடம் காசு கொடுத்து மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். ஓசியில் கேட்காதீர்கள். பலகைக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் 225க்கு 2250. ஒன்பது பலகை பிழையாகி மறுபடி வெட்டினால் 2520 போய்விடும். மெய்ப்பே பார்க்காத 225 பெயரில் ஒன்பது பிழை வருவது அதிசயமில்லை. இந்தக் கூலியைக் கொட்டேஷனில் தனி வரியாகவே காட்டுங்கள். ஆசிரியர் பார்த்து முடித்த பட்டியலில் வாங்குகிறவரிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின் வரும் திருத்தத்துக்கு முழுப் பலகை விலை உண்டு, டெலிவரி நாளும் அன்றிலிருந்துதான் எண்ணப்படும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.