பண்ணையத்துக்கு வந்த தங்கச்சிக்கு

கல்யாணமாகித் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறாய். ரெண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், கொஞ்சம் மானாவாரிக் காடு, ரெண்டு கறவை மாடு, நாலைந்து ஆடு, வாசலில் கோழி. காங்கேயம், தாராபுரம் பக்கம் நிறையக் குடும்பங்களின் பண்ணையம் இந்த அளவுதான். இதில் ஒரே வெள்ளாமையில் பெரும் பணம் பார்க்க முடியாது. ஆனால் ஒரு மாடு செத்தால் ரெண்டு வருஷ உழைப்பு போய்விடும். அதனால் நஷ்டம் நுழைகிற வழிகளை முதலில் அடைக்கப் பழகு கண்ணு. சின்னப் பண்ணையத்தில் லாபம் என்பது அதுதான்.

1. கறப்பதற்கு முன் பார்

பாத்திரத்தோடு போனதும் மடியில் கை வைக்காதே. ராத்திரி போட்ட சோளத்தட்டைத் தின்றிருக்கிறதா, அசை போடுகிறதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, சாணம் எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார். பாதி நோய் அப்போதே தெரிந்துவிடும்.

நாலு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விடு. திரிதிரியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. அந்த மாட்டைக் கடைசியாகக் கற. கையை நன்றாகக் கழுவு. கறந்து முடித்த உடனே தீவனம் போட்டு மாட்டை நிற்க வை. காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் சாணத்தில் படுத்தால் கிருமி ஏறிவிடும்.

ஆரம்ப வீக்கத்துக்கு ஒரு கைமருந்து உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்தால் சிவப்பு விழுது கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, கழுவிய மடியில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள் தடவ வேண்டும். தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி விவசாயிகளிடம் பரப்பிய மரபு மருத்துவ முறை இது. காய்ச்சல் இருந்தாலோ பாலில் ரத்தம் வந்தாலோ கைமருந்தோடு நிற்காதே, டாக்டரைக் கூப்பிடு. ஊசி போட்ட மாட்டின் பாலை அவர் சொல்லும் நாள் வரை பால் சங்கத்தில் ஊற்றவே கூடாது. யார் வீட்டுக் குழந்தையோ குடிக்கிற பால் அது.

2. கன்று ஈன்ற நாள்

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விடவேண்டும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கேட்காதே. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். கன்றுக்கு நோயை எதிர்க்கும் சக்தி அந்தப் பாலிலிருந்துதான் வருகிறது. நேரம் போகப் போக அதை உறிஞ்சும் திறன் குடலுக்குக் குறைந்துகொண்டே போகும். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தடவு. பத்தாம் நாள் குடற்புழு மருந்து கொடு. நஞ்சுக்கொடி 12 மணி நேரம் கழித்தும் விழாவிட்டால் கல்லைக் கட்டித் தொங்கவிடவோ கையால் இழுக்கவோ யாரையும் விடாதே. 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

3. தீவனத்தில் ரெண்டு ஆபத்து

ஒன்று, இளஞ்சோளம். பூக்காத பயிரிலும், வறட்சியில் வாடிப் பிறகு மழை கண்டு துளிர்த்த பயிரிலும் விஷச் சத்து அதிகம். மேய்ந்த கொஞ்ச நேரத்தில் மாடு விழுந்துவிடும். பூத்த பிறகே அறுத்துப் போடு.

இன்னொன்று, சோறு. விருந்தில் மிஞ்சியது, ரேஷன் அரிசிக் கஞ்சி என்று அன்பாக அண்டாவோடு வைத்துவிடுவோம். மாட்டின் வயிற்றில் அது புளித்து அமிலமாகி உயிரையே எடுத்துவிடும். மிச்சச் சோற்றை எருக்குழியில் கொட்டினாலும் பரவாயில்லை.

தினமும் தட்டு, பசும்புல், அடர்தீவனம் மூன்றும் கலந்து இருக்கட்டும். தட்டைக் குறைத்தால் பாலில் கொழுப்பு குறையும், சங்கத்தில் விலையும் குறையும். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வைத்துவிட்டால் புண்ணாக்குச் செலவில் கொஞ்சம் மிச்சமாகும்.

4. கோழி, ஆடு

கோழியை அடைக்கு வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலை போல நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடு. வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் கூண்டையே காலி செய்வது வெள்ளைக்கழிச்சல். பிப்ரவரி மாதம் ஊருக்கு வரும் இலவசத் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதே.

ஆட்டுக்கு மழைக்கு முன்பே துள்ளுமாரி ஊசி போட்டுவிடு. மழை பெய்து தளதளவென்று வந்த புதுப்புல்லில் பசியோடு மேயவிட்டால் அந்த நோய் அடிக்கும். பட்டியைத் திறக்கும் முன் கொஞ்சம் காய்ந்த தட்டு போடு.

5. பூச்சிமருந்தும் பாம்பும்

பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய விஷம் என்று பொருள். எந்த நிறமானாலும் பெட்டியில் வைத்துப் பூட்டு. சாவி உன் கையில் இருக்கட்டும். கோபத்தில் ஒரு நிமிஷம் தடுமாறுகிற யார் கைக்கும் அது எட்டக்கூடாது. காலி டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்காதே. மருந்தடித்த துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதே.

ராத்திரி மோட்டார் போடப் போகிறவர் யாராக இருந்தாலும் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் வாசலைத் தாண்ட விடாதே. ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடவும் விடாதே. தரையில் படுக்காமல், கட்டிலில் கொசுவலையைச் செருகிப் படுங்கள். கட்டுவிரியன் தூங்குபவரைத்தான் அதிகம் கடிக்கும். கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிறு வலித்து, கண் இமை தொங்கி, பேச்சுக் குழறினால் உடனே 108. எந்தப் பாம்பு கடித்தாலும் கயிறு கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. ஆளை அசையாமல் படுக்க வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போ. விஷமுறிவு ஊசி அங்கே இலவசம். மந்திரிப்பவரிடம் போகிற நேரத்தில்தான் உயிர் போகிறது.

6. ஒரு நோட்டு

இருபது ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்று அடுப்படியில் இருக்கட்டும். பால் எத்தனை லிட்டர், தீவனம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று அன்றன்றைக்கு எழுது. மாடு பருவத்துக்கு வந்த தேதியைக் கட்டாயம் எழுது. காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி. சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. ஒரு முறை தவறினால் 21 நாள் தீவனம் வீண். ஊசி போட்டதிலிருந்து 280 நாள் எண்ணி, ஈனுவதற்கு ரெண்டு மாசம் முன்பே கறவையை நிறுத்து.

7. ஊரும் உன் பேரும்

களை எடுப்பதிலும் கடலை பிடுங்குவதிலும் பக்கத்துத் தோட்டத்துக்கு நீ ஒரு நாள் போ. உனக்கு ஒரு நாள் அவர்கள் வருவார்கள். கூலி மிச்சமாவது மட்டுமல்ல, நடுராத்திரி மாடு ஈனத் திணறும்போது கூப்பிட்டால் வருவதற்கும் ஆள் இருக்கும்.

பட்டாவை எடுத்துப் பார். பல வீட்டில் அது இன்னும் செத்துப்போன தாத்தா பேரில்தான் கிடக்கிறது. பேர் மாற்றாமல் விட்டால் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, அரசு தரும் வருஷம் 6,000 ரூபாய் எல்லாமே சிக்கலாகும். மாற்றும்போது உன் பேரையும் சேர்க்கச் சொல். கேட்பது தப்பில்லை. 2005-க்குப் பிறகு நாடு முழுதும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்திலேயே சம பங்கு உண்டு. உழைக்கிற இடத்தில் பேர் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

விடியற்காலை எழுந்து கறப்பது நீ. பால் சங்க உறுப்பினர் அட்டையும் வங்கிக் கணக்கும் உன் பேரில் இருக்கட்டும். இந்த மாசமே சங்கத்துக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடு கண்ணு.