கொழுப்பு அமிலம் உடைவது எப்படி? ஈஸ்ட் காட்டிய வழி

குழந்தையின் அறிக்கையில் 'பெராக்சிசோம் குறைபாடு' என்று கண்ட பெற்றோருக்கு அச்சொல்லே புதிதாக இருக்கும். அதை விளக்க, ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்டிலிருந்து தொடங்குவது எளிது.

ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிரி. சர்க்கரை கிடைக்கும்வரை அது கொழுப்பை நாடுவதில்லை. சர்க்கரையை நீக்கி, ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலத்தை மட்டும் அளித்தால், அதன் செல்லுக்குள் பெராக்சிசோம் எனும் நுண்பைகள் பெருகுகின்றன. கொழுப்பு அமிலம் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி; ஒலியிக் அமிலத்தில் 18 அணுக்கள். நுண்பையிலுள்ள நொதிகள் ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலியின் ஒரு முனையிலிருந்து இரண்டு அணுக்களை வெட்டியெடுக்கின்றன. அத்துண்டுகளிலிருந்தே செல் ஆற்றல் பெறுகிறது. தனக்கு வேண்டிய சர்க்கரையையும் ஆக்கிக்கொள்கிறது. இடையே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு (புண் கழுவப் பயன்படும் அதே பொருள்தான்) செல்லுக்கு நஞ்சு. கேட்டலேஸ் என்னும் நொதி அதை அங்கேயே நீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றிவிடுகிறது.

ஈஸ்டில் இவ்வேலை முழுவதும் பெராக்சிசோமிலேயே நடக்கிறது. மனித உடலில் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியா ஏற்கிறது. ஆனால் 22 அல்லது அதற்கு மேற்பட்ட கார்பன் அணுக்கள் கொண்ட மிக நீண்ட சங்கிலிகளைக் குறைப்பது பெராக்சிசோமின் பொறுப்பு. அது உருவாகாவிடில் அச்சங்கிலிகள் இரத்தத்திலும் மூளையிலும் தேங்குகின்றன. செல்வெகர் வகை நோய்களில் காணும் தசைத் தளர்ச்சி, பால் குடிக்க இயலாமை, வலிப்பு, கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றின் பின்னணி இதுவே.

1989இல் ஜெர்மனியில் எர்ட்மன், குனாவ் முதலியோர், ஒலியிக் அமிலத்தில் வளர இயலாத ஈஸ்டுகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றில் சிலவற்றில் பெராக்சிசோமே சரிவர உருவாகவில்லை. பழுதான மரபணுக்களுள் ஒன்றை 1991இல் அடையாளம் கண்டனர். அதற்கு இணையான மனித மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. 'பெக்ஸ்1' எனும் அதுவே இந்நோய்க்கு மிகுதியும் காரணமாவது. ஈஸ்டை ஆராய்வதால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு நான் கூறும் விடை இதுதான்.

"எண்ணெயை முற்றிலும் நிறுத்திவிடலாமா, டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். மிக நீண்ட சங்கிலிகளை உடலே உற்பத்தி செய்கிறது. எண்ணெயை நிறுத்துவதால் மட்டும் அவை நீங்கா. வளரும் குழந்தைக்குக் கொழுப்பு இன்றியமையாதது. உணவு மாற்றம் எதுவாயினும் மருத்துவரைக் கலந்தே செய்க.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்துதல், ஊட்டம், விட்டமின்கள், செவி மற்றும் கண் பராமரிப்பு ஆகியவையே இப்போதைய சிகிச்சை. தாய் தந்தை இருவரும் நோயின்றியே பழுதான மரபணுவைச் சுமந்திருப்பர்; கருவுற்ற காலத்தில் தாய் உண்டதோ செய்ததோ காரணமன்று. ஒவ்வொரு கருவுறுதலிலும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. குடும்பத்தின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால், கருவின் தொடக்க மாதங்களிலேயே சோதித்தறிய இயலும். ஆகவே அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுவோர், கருவுறுவதற்கு முன்னரே முதற்குழந்தையின் அறிக்கைகளுடன் மரபியல் ஆலோசனைக்கு வருக.